உங்கள் பிள்ளைதான் என்பதற்கு என்ன ஆதாரம்?

பிறந்து பத்தொன்பது நாளே ஆன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சிங்கப்பூரில் அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க ஒரு கவுண்டர் முன்னால் நின்றிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூன்று தாள்களை வரிசையாக வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, "அம்மா பேரு மூணுலயும் மூணு மாதிரி இருக்கே சார்" என்றார்.

அம்மா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். தையல் இன்னும் சரியாக ஆறவில்லை, ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். பிள்ளை பால் வாசனை கண்டு அவள் பக்கமே தலையைத் திருப்பித் திருப்பி அழுதது. "இவங்கதாங்க அம்மா" என்று கையைக் காட்டினேன். அவர் சிரித்தார். நக்கல் இல்லாத சிரிப்பு. "தெரியுது சார். பேப்பர்ல தெரியணும்ல?"

அன்று வீட்டுக்கு வரும்வரை எம்ஆர்டி ரயிலில் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். தாள்களை நானே மேசையில் பரப்பி உட்கார்ந்த பிறகுதான் அவர் சொன்னது விளங்கியது. அவர் எங்களைச் சந்தேகப்படவே இல்லை. அவர் முன்னால் இருந்தது ஒரு குடும்பம் அல்ல, மூன்று தாள்கள். அவை ஒன்றோடு ஒன்று கைகோக்கவில்லை. பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறவர்கள் (இங்கே செய்தித்தாளில் கடப்பிதழ் என்பார்கள், வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை) முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

மூன்று முடிச்சு

கல்யாணத்துக்கு மூன்று முடிச்சு என்றால், பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கும் மூன்று முடிச்சுதான்.

முதல் முடிச்சு, இந்தப் பிள்ளை இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னாருக்குப் பிறந்தது என்பது. அதைச் சொல்வது பிறப்புச் சான்றிதழ். இரண்டாவது, சான்றிதழில் பெற்றோர் என்று எழுதப்பட்டவர்களைச் சட்டமும் பெற்றோர் என்று ஏற்கிறதா என்பது. இதைப் பெரும்பாலும் திருமணச் சான்றிதழ் சொல்லிவிடும். மூன்றாவது, சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும் அந்த ஆளும், இப்போது பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு கவுண்டரில் நிற்கும் இந்த ஆளும் ஒருவர்தானா என்பது.

முதல் இரண்டு முடிச்சுகள் அவிழ்வது அபூர்வம். நான் கேள்விப்பட்ட அலைச்சல்களில் பெரும்பாலானவை மூன்றாவதில்தான். அதற்கும் ரத்த உறவுக்கும் துளி சம்பந்தம் இல்லை. எழுத்துக்கூட்டல்தான் பிரச்சினை.

"அப்படியானால் டிஎன்ஏ சோதனை செய்து முடித்துவிடலாமே" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் பார்வையில் பெற்றோர் என்பது வேறு, உயிரியலில் பெற்றோர் என்பது வேறு. பெற்றவள் தாய். அதில் சட்டத்துக்குக் குழப்பம் இல்லை, பிரசவம் பார்த்த மருத்துவமனையே சாட்சி. தந்தையை மட்டும் சட்டம் நேரடியாகத் தேடுவதில்லை, ஊகித்துக்கொள்கிறது. முறையான திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளையும், அந்தத் திருமணம் முடிந்து 280 நாளுக்குள் தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்த பிள்ளையும் அந்தக் கணவனுடைய பிள்ளைதான் என்பது விதி. சிங்கப்பூர் சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இந்தியாவில் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 112ஆம் பிரிவில் இருந்த அதே வாசகம், இப்போது 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் 116ஆம் பிரிவாக நிற்கிறது. இரண்டு நாட்டிலும் ஏன் ஒரே வாசகம் என்றால், வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்தைப் பார்த்துத்தான் 1893இல் இங்கேயும் எழுதினார்கள்.

அந்த 280 என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நம் பாட்டிமார் "பத்து மாசம் சுமந்து" என்பார்கள். டாக்டர்களோ ஒன்பது மாதம் என்பார்கள். 28 நாள் கொண்ட நிலா மாதமாக எண்ணினால் 280 நாள் சரியாகப் பத்து மாதம். பாட்டி கணக்கும் சட்டத்தின் கணக்கும் ஒன்றாக நிற்கும் இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இதனால்தான் "நீங்கள்தான் அப்பாவா?" என்று யாரும் கேட்பதில்லை. "திருமணச் சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். சட்டத்துக்கு இரண்டும் ஒரே கேள்வி. திருமணம் பதியாத இணையருக்குச் சிங்கப்பூரில் பிள்ளை பிறந்தால், தந்தையின் பெயர் பிறப்புப் பதிவில் தானாக ஏறாது. இருவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் ஏறும். அப்படி ஏறினாலும் குடியுரிமை விஷயத்தில் பிள்ளை தாயைத்தான் பின்பற்றும். தந்தை சிங்கப்பூரர், தாய் வெளிநாட்டவர், திருமணம் இல்லை என்றால் பிள்ளை பிறப்பால் சிங்கப்பூரர் ஆகாது. தந்தை யார் என்பதில் டிஎன்ஏவுக்குச் சந்தேகமே இல்லாவிட்டாலும் நிலைமை அதுதான். ரத்தம் பேசாத இடத்தில் காகிதம் பேசும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லைக்குள் இருந்தால் சுலபம்

பெற்றோர் இருவரும் சிங்கப்பூரர், பிள்ளை இங்கேயே பிறந்தது என்றால் நீங்கள் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுப் போகலாம். பிறப்புப் பதிவும் பெற்றோரின் அடையாள அட்டை விவரங்களும் ஒரே அரசாங்கத்தின் கையில் இருக்கின்றன. பெற்றோரில் ஒருவர் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வழியாக நுழைந்து, பிள்ளையின் படத்தை ஏற்றிப் பணம் கட்டினால் போதும். பதினாறு வயதுக்குக் கீழே இருந்தால் ஐந்து ஆண்டுக்கான பாஸ்போர்ட் வரும். முடிச்சுகளை அரசாங்கமே போட்டு வைத்திருக்கிறது.

தாள் ஒரு எல்லையைத் தாண்டும்போதுதான் வம்பு. சிங்கப்பூர் கொடுத்த பிறப்புச் சான்றிதழை இந்தியா படிக்க வேண்டும். இந்தியாவில் பதிந்த திருமணத்தைச் சிங்கப்பூர் படிக்க வேண்டும். ஒரு நாட்டின் கணினியில் உட்கார்ந்திருக்கும் உண்மை, இன்னொரு நாட்டுக்குப் போகும்போது வெறும் தாளாகத்தான் போகிறது. நம் ஆட்களில் பாதிப்பேர் இந்த எல்லைமேல்தான் குடித்தனம் நடத்துகிறோம். கணவன் இங்கே வேலை அனுமதியில், மனைவி நிரந்தரவாசி, மாமனார் மலேசியர், பிள்ளை எந்த நாடு என்று கேட்டால் வீட்டிலேயே இரண்டு பதில் வரும்.

இந்தியக் குடிமக்களான பெற்றோருக்குச் சிங்கப்பூரில் பிள்ளை பிறந்தால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சிங்கப்பூரில் பிறந்ததாலேயே பிள்ளை சிங்கப்பூரர் ஆகிவிடாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழிலேயே, பிறந்தபோது இந்தப் பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகன் அல்ல என்று ஒரு வரி இருக்கும். முதல்முறை படிக்கும்போது மனசு கொஞ்சம் சுருக்கென்றது, அதை மறைப்பானேன். சரி, சிங்கப்பூரர் இல்லை, இந்தியர்தானே என்றால் அதுவும் தானாக வராது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நான்காம் பிரிவின்படி, 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் பிள்ளையிடம் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவை. அதற்குள் போய்விடுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ஆனால் ஓராண்டு இருக்கிறதே என்று உட்கார முடியாது. இங்கே இன்னொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். வெளிநாட்டுப் பெற்றோரின் பிள்ளை அனுமதிச்சீட்டு எதுவும் இல்லாமல் இங்கே இருக்கக்கூடியதும் பிறந்ததிலிருந்து அதே 42 நாள்தான். அதற்குள் சார்ந்திருப்போர் அனுமதியோ நீண்டகால வருகை அனுமதியோ பார்த்தாக வேண்டும். அதற்குப் பிள்ளையின் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு இந்தியாவில் நடந்த திருமணத்தின் சான்றிதழ் வேண்டும். அதைத் தேடி மதுரையில் மாமியார் பீரோவைக் குடைய வேண்டும். பத்தொன்பதாம் நாளே பச்சைப் பிள்ளையோடு நான் ஏன் கவுண்டரில் நின்றேன் என்பது இப்போது புரிந்திருக்கும். அதே நாட்களில் வீட்டில் யாரும் சேர்ந்தாற்போல இரண்டு மணிநேரம் தூங்குவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாய்வழிக் குடியுரிமை எல்லாம் நாம் நினைப்பதைவிடப் புதுசு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியாகவும் குடியுரிமை என்று இந்தியா மாற்றியது 1992 டிசம்பரில். சிங்கப்பூர் மாற்றியது 2004 மே மாதத்தில். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அப்பாவின் தாள்தான் எல்லாமே. எங்கள் புளோக்கில் இருக்கும் பெரியவர்கள் சிலர் அப்பாவின் பழைய சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்னும் பத்திரமாக வைத்திருப்பதன் காரணம் இப்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது.

நம் பெயரும் அவர்கள் கட்டமும்

இனி மூன்றாவது முடிச்சு. இதில்தான் கொஞ்சம் அதிக நேரம் உட்காரப் போகிறேன்.

உலகத்துப் படிவங்கள் எல்லாம் ஒரு குடும்பத்துக்கு ஒரு குடும்பப்பெயர் இருக்கும் என்று நம்புகின்றன. தாத்தா, அப்பா, பிள்ளை எல்லாருக்கும் பெயரின் ஒரு பாதி பொதுவாக இருக்கும், அதைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும் என்பது அவற்றின் கணக்கு. சீனக் குடும்பங்களுக்கு இது அப்படியே பொருந்தும். டான் வீட்டுப் பிள்ளை டான்தான். தமிழர்களிடம் குடும்பப்பெயர் பொதுவாகக் கிடையாது. அப்பாவின் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடும்.

ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அப்பா ஊரில் ஆர். கார்த்திக். அந்த 'ஆர்' அவருடைய அப்பா ராமசாமி. இந்தியப் பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். ஆகவே பெயர் கட்டத்தில் கார்த்திக், குடும்பப்பெயர் கட்டத்தில் ராமசாமி. அம்மா எஸ். மீனாட்சி, அவர் அப்பா சுந்தரம். கல்லூரி நாளில் யாரோ ஏஜெண்ட் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம் என்பதால் குடும்பப்பெயர் கட்டம் காலி, பெயர் கட்டத்தில் மீனாட்சி சுந்தரம் முழுவதும். பிள்ளைக்கு நிலா என்று பெயர் வைத்து, குடும்பப்பெயர் கட்டத்தில் கார்த்திக் என்று போடுகிறார்கள். இப்போது பாருங்கள்: அப்பாவின் குடும்பப்பெயர் ராமசாமி, அம்மாவுக்குக் குடும்பப்பெயரே இல்லை, பிள்ளையின் குடும்பப்பெயர் கார்த்திக். மூன்று பேரின் பாஸ்போர்ட்டையும் தமிழ் தெரியாத ஓர் அதிகாரி பார்த்தால், விமான நிலையத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொண்ட மூன்று பேர் என்றுதான் நினைப்பார்.

தமிழ் தெரிந்தவர் பார்த்தால் வேறு மாதிரிச் சிக்கல். மீனாட்சியையும் சுந்தரத்தையும் சேர்த்துப் படித்தால் ஆண் பெயர் ஆகிவிடுகிறது. உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எல்லோரும் அறிந்தவர்தானே. "இது அம்மா பேரா, தாத்தா பேரா?" என்று ஒரு கேள்வி வந்தால் கோபப்பட முடியாது.

என் வீட்டுக் கதை இதிலிருந்து அதிக தூரம் இல்லை. மனைவியின் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். திருமணச் சான்றிதழில் முன்னெழுத்தோடு அதே பெயர், நடுவில் ஓர் எழுத்து குறைவு. என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது துணைவர் பெயர் என்ற இடத்தில் ஆசையாக அவள் பெயருக்குப் பின்னால் என் பெயரைச் சேர்த்து எழுதிவிட்டேன். அப்படி ஒருவர் எந்த ஆவணத்திலும் இல்லை. நான் உண்டாக்கிய ஆள் அவள். கவுண்டரில் மூன்று அம்மாக்கள் வந்தது அப்படித்தான்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். நம் லட்சுமியை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 'கே, எஸ், எச்' போட்டு எழுதுவார்கள். இங்கேயும் மலேசியாவிலும் பழைய பதிவுகளில் லெட்சுமி, காதில் விழுந்தபடி. அந்தக் காலத்தில் பதிவு எழுதியவர்கள் தமிழர்களாக இல்லாததால் சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்று ஆகியிருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி இருவருக்கும் அப்பா பெயர் இரண்டு விதமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. எங்கள் மாடியில் இருக்கும் ஆண்ட்டி ஒருவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "என்ன தம்பி, பிள்ளைக்குப் பின்னாடி உங்க பேரு, உங்களுக்குப் பின்னாடி உங்க அப்பா பேரு, வெள்ளைக்காரன் பாரத்துல இது எப்படிம்மா அடங்கும்? எங்கள மாதிரி எஸ்-ஓ, டி-ஓ போட்டுட்டா தீந்துச்சு" என்றார்.

ஆண்ட்டி சொல்வதில் விஷயம் இருக்கிறது. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று பெயருக்குள்ளேயே உறவை வைத்துவிடுவது இங்கே வெகுகாலமாக இருக்கும் வழக்கம். அப்பா யார் என்று தனியாக ஒரு தாள் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கும் ஓர் இடத்தில் அடி விழும். பாஸ்போர்ட்டின் படம் இருக்கும் பக்கத்தில் கீழே இரண்டு வரி அம்புக்குறிகளாக இருக்கும் அல்லவா, அது இயந்திரம் படிப்பதற்கானது. ஒரு வரிக்கு 44 இடம், அதில் பெயருக்கு 39. ஆங்கில எழுத்தும் எண்ணும் அந்த அம்புக்குறியும் தவிர வேறு எதுவும் உள்ளே வராது. 'எஸ்-ஓ'வின் சாய்வுக்கோட்டுக்கு அங்கே இடமில்லை. நீளமான பெயர் என்றால் வால் வெட்டுப்படும். டிக்கெட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்று விமான நிறுவனத்துக்காரரோடு நின்று பேச வேண்டி வருவது இதனால்தான்.

குடும்பப்பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாமா என்றால், இந்திய விதிப்படி விடலாம். ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் விட முடியாது என்று அறிவித்தது. துபாயில் சித்தப்பா இருக்கும் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கட்டம் அவர்களுடையது, பெயர் நம்முடையது, நிரப்பும் கஷ்டமும் நம்முடையது. தமிழ்ப் பெயர் முறையில் ஒரு குறையும் இல்லை, குறை படிவத்தில்தான் என்பது என் கட்சி. ஆனால் 42 நாள் கெடுவில் அந்த வாதத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

அவிழ்ந்த முடிச்சைக் கட்டுவது

பழைய தாளைத் திருத்த முடியுமானால் அதுதான் உத்தமம். முடியாவிட்டால், 'இந்த மூன்று பெயரும் என்னையே குறிக்கும்' என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் அஃபிடவிட் என்போம். சிங்கப்பூரில் இதை உறுதிமொழி ஆணையர் முன்னால் செய்கிறார்கள். பெரும்பாலான வக்கீல் அலுவலகங்களில் ஒருவர் இருப்பார். ஆனால் எழுதுவதற்கு முன், தாளை வாங்கிக்கொள்ளப் போகும் அலுவலகத்திடம் எந்த வகை உறுதிமொழி வேண்டும், யார் முன்னால் கையெழுத்து வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் ஒன்று எழுதிக்கொண்டு போனேன். அழகாக இருந்தது, முத்திரை எல்லாம் குத்தி. அவர்களுக்கு வேண்டிய வாசகம் அதில் இல்லை. மறுபடி எழுதினேன்.

பெயரையே நிரந்தரமாக மாற்றிக்கொள்ள விரும்பினால் தமிழ்நாட்டு அரசிதழில் வெளியிடும் வழி இருக்கிறது. பிள்ளை பிறந்த கையோடு அதில் இறங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒரு நாட்டின் தாளை இன்னொரு நாடு நம்ப வேண்டும் என்றால் அதற்கு 'அப்போஸ்டில்' என்ற முத்திரை இருக்கிறது. இந்தத் தாளில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் எங்கள் நாட்டு அதிகாரியுடையவைதான் என்று அந்த நாடே சொல்வது. தாளில் எழுதியிருப்பது உண்மை என்று அது சொல்வதில்லை, கையெழுத்து உண்மை என்று மட்டுமே சொல்கிறது. இந்த முத்திரையை ஏற்பதாக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இந்தியா 2005இலிருந்து இருக்கிறது. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது, இங்கே அதைத் தருவது சிங்கப்பூர் சட்ட அகாடமி. இங்கே பிறந்த பிள்ளையின் சான்றிதழை ஊரில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்று: 2022 மே 29இலிருந்து சிங்கப்பூர் பிறப்புச் சான்றிதழ் மின்னிலக்க வடிவில்தான் வருகிறது. தடித்த தாளில் முத்திரையோடு வந்த காலம் போய்விட்டது. "ஒரிஜினல் எங்கே?" என்று ஊரில் யாராவது கேட்டால் இதுதான் ஒரிஜினல், கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பாருங்கள் என்று சொல்ல வேண்டியதுதான். பொறுமையாகச் சொல்லுங்கள். ஒருமுறைக்கு மேல் சொல்ல வேண்டியிருக்கும்.

ஊரில் பிறந்த பிள்ளையை இங்கே அழைத்து வருகிறவர்களுக்குச் சிக்கல் எதிர்த்திசையில் வரும். பழைய இந்தியப் பிறப்புச் சான்றிதழ்கள் பலவற்றில் பிள்ளையின் பெயர் இடம் காலியாக இருக்கும். பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவார்கள், பிறகு யாரும் போய்ச் சேர்ப்பதில்லை. 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் பெயரைப் பிறகு சேர்க்க வழி இருக்கிறது. முதல் ஓராண்டில் கட்டணம் இல்லாமலும், பதினைந்து ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் எடுக்கும்போது பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே என்று இப்போது விதி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து டிசியை வைத்துச் சமாளித்த காலம் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை.

ஒருவர் மட்டும் இருந்தால்

பிள்ளையின் இந்தியப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் உறுதிமொழி ஒன்று உண்டு, இணைப்பு 'டி' என்பார்கள். ஒருவர் சம்மதம் இல்லையென்றால், அல்லது பெற முடியாவிட்டால், இணைப்பு 'சி'. ஏன் மற்றவர் கையெழுத்து இல்லை என்பதை அதில் விளக்க வேண்டும். கணவன் விட்டுப் போனவர்கள், வழக்கு நடப்பவர்கள் இந்த ஒரு தாளுக்காக எவ்வளவு வதைபட்டார்கள் என்று கேட்டால் மனம் கனத்துப்போகும். 2016 டிசம்பரில் இந்தியா விதிகளைத் தளர்த்தியது. பெற்றோரில் ஒருவர் பெயர் மட்டும் போதும் என்று ஆனது, இணைப்புகள் பதினைந்திலிருந்து ஒன்பதாகக் குறைந்தன. தனித்து வளர்க்கும் தாயிடம் "அப்பா பெயர் எங்கே?" என்று கேட்பதற்கு இப்போது விதியில் இடம் இல்லை. யாராவது கேட்டால் விதியைச் சொல்லுங்கள். நீதிமன்றம் பிள்ளையின் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்திருந்தால் அந்த உத்தரவின் சான்றிட்ட நகலைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

தத்தெடுத்த பிள்ளைக்கு நிலைமை தலைகீழ், ஒரு வகையில் எளிது. சிங்கப்பூரில் தத்து உத்தரவு ஆனதும் தத்தெடுத்தவர்களின் பெயரோடு புதிய பிறப்புச் சான்றிதழே வந்துவிடும். பெற்றவர்களைவிடத் தத்தெடுத்தவர்களின் தாள்கள் சுத்தமாக இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒரு நீதிபதி பார்த்துவிட்டார் அல்லவா.

முன்கூட்டியே செய்யக்கூடியது

வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே கணவன் மனைவி இருவர் பாஸ்போர்ட்டையும் திருமணச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். வளைகாப்புக்கு முன் செய்தால் இன்னும் நல்லது, ஊரிலிருந்து அம்மா வரும்போது வேண்டிய தாளைக் கொண்டுவரச் சொல்லலாம். மருத்துவமனையில் பதியும்போது வீட்டில் கூப்பிடும் பெயரையோ கணவன் பெயர் சேர்த்த பெயரையோ கொடுக்காமல் பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே கொடுங்கள். பிறப்புத் தகவல் அங்கிருந்துதான் கிளம்புகிறது. என்னைக் கேட்டால், கல்யாணத்துக்குப் பிறகு மனைவி பெயரை மாற்றாமல் இருப்பதே புத்திசாலித்தனம். பெண்ணியம் பேசித்தான் இதைச் சொல்ல வேண்டும் என்றில்லை, கவுண்டரில் நின்று பார்த்தாலே போதும்.

பிள்ளையின் பெயரை எப்படி எழுதுவது என்பதை முதல் பிள்ளையின்போதே முடிவு செய்துவிடுங்கள். இரண்டாவது பிள்ளைக்கு வேறு மாதிரிப் போட்டால் அக்காவும் தம்பியும் அந்நியர் ஆகிவிடுவார்கள். எண்கணித ஜோசியர் சொன்னார் என்று ஓர் எழுத்தைக் கூட்டிக் குறைப்பதையும் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். பிள்ளையின் பெயரில் கூட்டினால் பாதகமில்லை. அப்பா பெயரைப் பிள்ளையின் சான்றிதழில் எழுதும்போது அங்கே ஓர் 'ஏ' சேர்த்தால், சான்றிதழில் இருக்கும் அப்பா நீங்கள் இல்லை.

எங்கள் மகளின் பாஸ்போர்ட் முப்பத்தாறாம் நாள் வந்தது. அந்த இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரும் அம்மா பெயரும் அச்சாகியிருந்தன. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டில் அந்த வசதி கிடையாது. அதனால் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளையோடு அப்பாவோ அம்மாவோ தனியாகப் பயணம் போகும்போது பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்றைக் கைப்பையில் வைத்திருப்பது நல்லது. மாடி ஆண்ட்டி பேரனோடு உட்லண்ட்ஸ் எல்லை வழியாக மலேசியாவின் ஜோகூர் போகும்போதெல்லாம் வைத்திருக்கிறார். "பேரன் மூஞ்சி அப்படியே என் மூஞ்சிதான் தம்பி," என்றார், "இருந்தாலும் பேப்பர எடுத்துக்குவேன்."